சேலத்து ஜவ்வரிசிக்குப் பின்னால் ஒரு துறைமுகம்

சேலத்துக்கு ஜவ்வரிசித் தொழில் எப்படி வந்தது என்று ஆத்தூர் ரோட்டில் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான் கிடைக்கும். 1943, இரண்டாம் உலகப் போர்க் காலம். சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார் தொழில் விஷயமாக அடிக்கடி கேரளா போய்வந்தார். அங்கே மரவள்ளிக் கிழங்கு மாவைப் பார்த்தார். அமெரிக்காவிலிருந்து இறக்குமதியாகிக்கொண்டிருந்த மக்காச்சோள மாவுக்கு இது நல்ல மாற்று என்று அவருக்குப் பட்டது. ஊருக்குத் திரும்பி மாவு எடுக்கத் தொடங்கினார். அப்புறம் தொழில் ஊர் ஊராகப் பரவியது.

கதை உண்மைதான், ஆனால் பாதிக் கதை. மாணிக்கம் செட்டியாரோடு சேர்ந்து தொழிலைத் தொடங்கியவர் போபட்லால் ஷா. அவர் பினாங்கிலிருந்து வந்தவர், மரவள்ளி ஸ்டார்ச் பற்றி அறிந்தவர். சேகோ, அதாவது ஜவ்வரிசித் தொழிலின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் இந்தத் தகவலை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வரியில்தான் கதையின் முடிச்சு இருப்பதாகத் தோன்றுகிறது. கடலே இல்லாத சேலத்துக்கும் மலாக்கா நீரிணையின் வாயிலில் இருக்கும் ஒரு தீவுக்கும் என்ன உறவு? ஜவ்வரிசி செய்யும் அறிவு அந்தத் தீவுப் பக்கம் எப்படிப் போய்ச் சேர்ந்தது? அது ஏன் சரியாக 1943-ல் சேலத்தில் வந்து இறங்கியது? இதையெல்லாம் விளங்கிக்கொள்ள வேண்டுமானால் துறைமுகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பினாங்கு என்ற ஊர்

1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேய வணிகர், கெடா சுல்தானின் ஆட்சியில் இருந்த பினாங்குத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக எடுத்துக்கொண்டார். கம்பெனிக்கு இரண்டு தேவைகள் இருந்தன. வங்காள விரிகுடாவின் கிழக்குப் பக்கத்தில் கப்பல்கள் ஒதுங்க ஓர் இடம் வேண்டும். சீனாவுக்குப் போகும் வணிகப் பாதையில் ஒரு பிடிமானமும் வேண்டும். லைட் அங்கே சுங்கம் இல்லாத துறைமுகத்தைத் திறந்தார். மலாய், சீன, பூகிஸ், அரபு, ஆர்மீனிய வணிகர்கள் வந்தார்கள். அவர்களுக்கு முன்பே அந்தக் கடலை அறிந்திருந்த சோழமண்டலக் கரைத் தமிழர்களும் வந்தார்கள்.

நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, காரைக்கால் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் கப்பல்காரர்களுக்குக் கெடா புதிய இடமே இல்லை. தலைமுறை தலைமுறையாகத் துணி கொண்டுபோய் விற்று, யானை, தகரம், மிளகு, பாக்கு என்று திருப்பிக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். கம்பெனி புதுத் துறைமுகம் திறந்ததும் கடையை அங்கே மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1300 முதல் 2000 ஆட்கள் வருகிறார்கள், வியாபாரமும் கூலிவேலையும் செய்து கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள், அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள் என்று 1794-ல் லைட் எழுதியிருக்கிறார். போவதும் திரும்புவதுமாக இருந்த இந்தப் பழக்கத்தை நாம் கவனிக்க வேண்டும். பின்னால் சேலத்துக்காரர்கள் போனதும் இதே ஓட்டத்தில்தான். ஆனால் அவர்கள் போன விதம் வேறு, திரும்ப முடிந்தவர்களின் கதையும் வேறு.

ஜார்ஜ் டவுனில் தமிழர் வாழ்வின் தடங்கள் இன்றும் நெருக்கமாகக் கிடக்கின்றன. தமிழ் முஸ்லிம்களைக் குறித்த பெயரால் அமைந்த சூலியா தெரு இருக்கிறது. 1801-ல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. குயின் தெருவில் 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. நகரத்தாரின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குத் தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளித் தேர் போகிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், தோணி ஓட்டியவர்கள், வண்டி ஓட்டியவர்கள், துணி வெளுத்தவர்கள், நாணயம் மாற்றிக் கொடுத்தவர்கள், புத்தகம் விற்றவர்கள், சோறு விற்றவர்கள் என்று ஒரு முழு ஊரே தமிழில் பேசிக்கொண்டிருந்தது. இன்று உலகம் முழுக்கப் பெயர்பெற்ற நாசி கண்டார், தமிழ் முஸ்லிம்கள் காவடி போலத் தோளில் தண்டு கட்டிச் சோறும் குழம்பும் சுமந்து விற்றதில் தொடங்கியது. செட்டியார்கள் கிட்டங்கி என்ற தங்கள் வட்டிக்கடைகளில் வரிசையாகப் பெட்டகங்களை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து கணக்கு எழுதினார்கள். தகரச் சுரங்கம் வெட்டிய சீனருக்கும் ரப்பர் போட்ட தோட்டக்காரருக்கும் அங்கேயிருந்து கடன் போனது.

இந்தக் கலப்பு வாழ்க்கையைச் சிலர் எல்லா மதத்தாரும் கைகோத்து வாழ்ந்த பொற்காலமாக எழுதுகிறார்கள். பள்ளிவாசலும் கோயிலும் சீனர் ஆலயமும் தேவாலயமும் ஒரே தெருவில் வரிசையாக நிற்பது உண்மை. 1867 ஆகஸ்டில் சீனச் சங்கங்களும் அவற்றோடு கூட்டுச் சேர்ந்த மலாய், தமிழ் முஸ்லிம் கொடிச் சங்கங்கள் என்ற ரகசியக் குழுக்களும் அதே தெருக்களில் பத்து நாள் வெட்டிக்கொண்டதும் உண்மை. துறைமுக ஊரில் ஆட்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தது பிழைப்புக்காக. நட்பு, பகை இரண்டும் அதில் முளைத்தன. தெருவைப் போட்டவர்கள் யார் என்பதையும் மறக்கக் கூடாது. வங்காளத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகளின் உழைப்பில் எழுந்த ஊர் அது.

பனையிலிருந்து கிழங்குக்கு

இப்போது ஜவ்வரிசிக்கு வருவோம். அசல் சேகோ, கிழங்கிலிருந்து வருவதல்ல. மலேயத் தீவுகளின் சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு பனையின் அடிமரத்திலிருந்து வருவது. பத்துப் பதினைந்து வருடம் வளர்ந்து, பூ விடப்போகும் நேரத்தில் மரத்தை வெட்டுவார்கள். தண்டைப் பிளந்து உள்ளே இருக்கும் சோற்றைச் சுரண்டித் தண்ணீரில் பிசைந்து கரைத்தால் மாவு அடியில் தங்கும். சுமத்ராவின் கிழக்குக் கரையிலிருந்தும் போர்னியோவின் சரவாக் பக்கத்திலிருந்தும் இந்த ஈர மாவு படகு படகாகச் சிங்கப்பூருக்கு வந்தது. அங்கே சீனத் தொழிலாளர்கள் அதைப் பல முறை கழுவிச் சுத்தம் செய்து, துணியில் போட்டுக் குலுக்கி முத்து முத்தாகத் திரட்டி, இரும்புச் சட்டியில் வறுத்து எடுத்தார்கள். 1840களிலேயே சிங்கப்பூரில் இப்படிப்பட்ட ஆலைகள் பல நடந்தன. சைனா டவுனில் சேகோ தெருவும் சேகோ சந்தும் இன்றும் உண்டு.

இந்த முத்து லண்டனுக்குப் போனது, கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் சென்னைக்கும் வந்தது. நோயாளிக்குக் கஞ்சி, குழந்தைக்குக் கூழ், வெள்ளைக்காரர் வீட்டில் புட்டிங், நம் வீட்டில் பாயசம், வடாம். விற்பனை பெருகப் பெருகப் பனை மாவு மட்டும் போதவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மலாக்காவைச் சுற்றிச் சீன முதலாளிகள் காட்டை அழித்து மரவள்ளி போட்டார்கள். பினாங்குக்கு எதிர்க்கரையில் இருந்த ப்ராவின்ஸ் வெல்லெஸ்லியிலும் மரவள்ளி பயிரானது. மரவள்ளி அந்த மண்ணுக்கும் வந்தேறிதான். பிரேசிலில் பிறந்து போர்த்துக்கீசியர் வழியாக உலகம் சுற்றிய கிழங்கு அது. பனை மாவுக்குப் பழகிய அதே கழுவல், அதே குலுக்கல், அதே வறுவல் கிழங்கு மாவுக்கும் பொருந்தியது. பார்வைக்கு இரண்டு முத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மலாயா மட்டுமல்ல, டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவும் இதில் பெரிய ஏற்றுமதியாளராக வளர்ந்தது.

ஆக, பனைக்குப் பதில் கிழங்கு என்ற மாற்றம் சேலத்தில் நடந்ததல்ல. அது நீரிணைத் துறைமுகங்களின் பின்நிலத்தில் ஏற்கனவே நடந்து முடிந்திருந்தது. பினாங்கிலிருந்து வந்த ஒருவருக்கு அது ஊரறிந்த சரக்கு. இதைச் சொல்வதால் சேலத்துக்காரர்களின் சாதனை குறைந்துவிடாது. அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் தெளிவாகும்.

சேலத்திலிருந்து கப்பலுக்கு

சேலம் கடலிலிருந்து தள்ளி இருந்தாலும் கடல் வணிகத்திலிருந்து என்றைக்குமே தள்ளி இருந்ததில்லை. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) சேலமும் கம்பெனி கைக்கு வந்ததும், இங்கே நெய்த துணியை வாங்கி அனுப்பக் கம்பெனி தனி வணிக அதிகாரியை வைத்தது. அந்தப் பதவியில் இருந்த ஜோசையா ஹீத் கஞ்சமலைப் பக்கத்து இரும்புக் கல்லைப் பார்த்து ஆசைப்பட்டு, வேலையை விட்டுவிட்டு 1830-ல் பரங்கிப்பேட்டையில் உருக்காலை போட்டார். கரிக்கு மரம் கிடைப்பதே பெரும்பாடாகி அந்தத் தொழில் கடைசியில் படுத்துவிட்டது. அது தனிக் கதை.

சேலத்திலிருந்து கடலுக்குப் போன பெரிய சரக்கு ஆள்தான். 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சம் இந்த மாவட்டத்தை அழித்த விதத்துக்கு மக்கள்தொகைக் கணக்கே சாட்சி. 1871-ல் சேலம் மாவட்டத்தில் ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். பத்து வருடம் கழித்து 16 லட்சத்துக்கும் குறைவு. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்த அன்றைய பெரிய மாவட்டம் அது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆட்கள் இல்லாமல் போனார்கள். செத்தவர்கள் போக, ஊரை விட்டுப் போனவர்களும் அதில் அடக்கம்.

அதற்குள் ரயில் வந்துவிட்டது. 1861-ல் சென்னையிலிருந்து போட்ட பாதை சேலத்தை எட்டியது. ஈரோட்டிலிருந்து திருச்சி வழியாக நாகப்பட்டினத்துக்கும் இன்னொரு பாதை இணைந்தது. ஆத்தூர்ப் பக்கத்து ஒரு மானாவாரிக் காட்டுக் கூலிக்காரர் வண்டிப் பாதையில் சேலம் வந்து, ரயிலேறி, ஈரோட்டில் மாறி, நாகப்பட்டினத்தில் கப்பலுக்குக் காத்திருக்க முடிந்தது. வடக்குப் பக்கம் போனால் சென்னைக்கு அருகே ஆவடி முகாம். இரண்டு இடத்திலும் மருத்துவச் சோதனை உண்டு. பிறகு மேல்தளத்தில் பாயை விரித்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு வாரக் கடல் பயணம். பினாங்கு வந்ததும் நேரே ஊருக்குள் விடமாட்டார்கள். முதலில் ஜெரெஜாக் தீவில் தொற்றுத்தடுப்பு முகாம். பெரும்பாலான கூலிகளுக்குப் பினாங்கு என்பது அந்த முகாமும் அதற்கப்புறம் தோட்டத்துக்குப் போகும் வண்டியும்தான். சூலியா தெருவையோ தண்ணீர்மலைத் தேரையோ அவர்கள் பார்க்கப் பல வருடம் ஆகலாம்.

முதலில் ஒப்பந்தக் கூலி முறை. ப்ராவின்ஸ் வெல்லெஸ்லி கரும்புத் தோட்டங்களுக்கு அப்படித்தான் தமிழர்கள் போனார்கள். பயணச் செலவைக் கடனாக எழுதிக்கொண்டு, அது தீரும்வரை கட்டிப்போட்டு வேலை வாங்கினார்கள். சாவு எண்ணிக்கை இந்திய அரசையே கேள்வி கேட்க வைத்தது. 1910-ல் அந்த முறை மலாயாவில் முடிந்தது. ரப்பர் பெருகிய காலத்தில் கங்காணி முறை ஓங்கியது. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரே உரிமச் சீட்டோடு சொந்த ஊருக்கு வந்து, சொந்தக்காரர்களையும் தெரிந்தவர்களையும் கூட்டிக்கொண்டு போவார். ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு. 1907-க்குப் பிறகு கப்பல் செலவைத் தோட்டக்காரர்களிடம் வசூலித்த பொது நிதியே கட்டியது. திருச்சி, தஞ்சாவூர், வடஆற்காடு, தென்ஆற்காடு மாவட்டங்களோடு சேலமும் ஆள் போன முக்கியமான மாவட்டங்களில் ஒன்று. போனவர்களில் நிலமற்றவர்கள் அதிகம், தாழ்த்தப்பட்ட சாதியினர் அதிகம். ஊரில் பண்ணையாருக்குப் பட்ட கடனிலிருந்தும் சாதிக் கட்டிலிருந்தும் தப்ப ஒரு வழி என்று நம்பியே பலர் ஏறினார்கள். அங்கே போனால் துரை, கிராணி (தோட்டக் கணக்கர்), கங்காணி என்று புதிய அடுக்கு, வரிசை வீடு, கள்ளுக்கடை. ஆனாலும் கையில் காசு வந்தது. மணியார்டர் வந்தது. அதை வைத்து நிலம் வாங்கியவர்கள் உண்டு, கிணறு வெட்டியவர்கள் உண்டு, ஒன்றுமே மிஞ்சாமல் வந்தவர்களும் நிறைய உண்டு.

1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்தபோது ஆயிரக்கணக்கில் ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். 1938-ல் இந்திய அரசு, உதவிப் பயணத்தில் கூலிகளை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. ஆனாலும் சொந்தச் செலவில் போகிறவர்களும் வருகிறவர்களும் இருந்தார்கள். 1926-ல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்துகொண்டிருந்தது. ஆள், கடிதம், வெற்றிலை, புளி, சேலை எல்லாம் அதில் போயின. ஜவ்வரிசி எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தது.

கடல் மூடிய வருடங்கள்

1941 டிசம்பர் 11-ல் ஜப்பான் விமானங்கள் ஜார்ஜ் டவுன் மேல் குண்டு போட்டன. கூட்டம் நிறைந்த கடைத்தெருக்களில் ஏராளமானோர் செத்தார்கள். டிசம்பர் 16 இரவு ஆங்கிலேய அதிகாரிகள் வெள்ளைக்காரர்களை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு தீவை விட்டுப் போனார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் யாருக்கும் சொல்லவில்லை. நூற்று ஐம்பது வருடம் வரியும் உழைப்பும் வாங்கிய அரசு அப்படி நடந்துகொண்டதை அந்த ஊர் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆள்வோர் இல்லாத ஊரில் கோட்டைக் கொடிமரத்திலிருந்து பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் பத்திரிகை ஆசிரியர் எம். சரவணமுத்து என்ற இலங்கைத் தமிழர். குண்டுவீச்சு நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்தார். ஊரைப் பார்த்துக்கொள்ளச் சேவைக் குழு ஒன்றையும் தலைமையேற்று நடத்தினார். டிசம்பர் 19-ல் ஜப்பான் படை வந்தது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது.

அன்றிலிருந்து வங்காள விரிகுடாவில் சாதாரணக் கப்பல் இல்லை. மணியார்டர் நின்றது, கடிதம் நின்றது. கணவன் அங்கே மனைவி இங்கே என்றிருந்த குடும்பங்களுக்கு மூன்றரை வருடம் உயிரோடு இருக்கிறார்களா என்பதே தெரியவில்லை. மலாயாவில் அரிசி வரவில்லை. தோட்டத்துத் தமிழர்கள் மரவள்ளியைத் தின்று உயிர் பிடித்தார்கள். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த மலேசியத் தமிழர் எவரிடம் கேட்டாலும் ஜப்பான்காரன் காலம் என்றதும் முதலில் வரும் வார்த்தை மரவள்ளிக் கிழங்குதான். அதே தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேரைச் சயாம்–பர்மா ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனார்கள். காலராவிலும் பசியிலும் அடியிலும் பல்லாயிரம் தமிழர்கள் காட்டிலேயே செத்தார்கள். அந்தப் பாதை முடிந்தது 1943 அக்டோபரில். சேலத்தில் மரவள்ளி மாவு எடுக்கத் தொடங்கியதும் அதே 1943.

இந்த இரண்டையும் சேர்த்து யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். ஒரே கிழங்கு. நீரிணைக்கு அந்தப் பக்கம் அது பசிக்கு உணவு. இந்தப் பக்கம் அது புதிய தொழிலுக்கு மூலப்பொருள். இரண்டுக்கும் காரணம் ஒரே துறைமுகக் கதவு மூடியதுதான்.

சேலம் ஏன் முந்திக்கொண்டது

போரினால் சிங்கப்பூர், பினாங்கு, ஜாவா சரக்கு அடியோடு நின்றது. அமெரிக்க மக்காச்சோள மாவும் கப்பலில்லாமல் அரிதானது. ஆனால் தேவை குறையவில்லை. பாவு நூலுக்குக் கஞ்சி போட ஸ்டார்ச் வேண்டும். சேலத்தில் கைத்தறி, கோயம்புத்தூரில் பஞ்சாலை, இரண்டும் பக்கத்திலேயே இருந்தன. வட இந்தியாவில் விரத நாட்களுக்கு ஜவ்வரிசி கேட்டார்கள். சந்தை இருக்கிறது, சரக்கு இல்லை. அந்த நேரத்தில் மரவள்ளி மாவைக் கண்டுகொண்ட சேலத்து வியாபாரியும் அந்தச் சரக்கை அறிந்த பினாங்குக்காரரும் சந்தித்ததால் தொழில் பிறந்தது.

முதலில் வேலை மிகவும் எளிய முறையில்தான் நடந்தது. கிழங்கைக் கழுவித் தோல் சீவி அரைத்து, பாலைத் துணியில் வடிகட்டி, தொட்டியில் விட்டுத் தெளியவைப்பார்கள். மேல் தண்ணீரை இறுத்தால் அடியில் வெள்ளை மாவு கட்டியாக நிற்கும். ஈரம் பதமாக இருக்கும்போது உதிர்த்து, தூளியில் போட்டுக் குலுக்கினால் முத்து திரளும். சல்லடையில் சலித்து, எண்ணெய் தடவிய தட்டில் வறுத்து, களத்தில் காயவைக்க வேண்டும். சிங்கப்பூர்ச் சீனர்கள் நூறு வருடம் முன்பு பனை மாவுக்குச் செய்த அதே வரிசை. கைப்பாட்டில் ஒரு நாளைக்கு இரண்டு மூட்டை தேறுவதே கடினம்.

இதை மாற்றியவர் எம். வெங்கடாசலக் கவுண்டர் என்ற மெக்கானிக். 1944-ல் அவர் அரைக்கும் பொறியையும் மற்ற கருவிகளையும் இங்கேயே கிடைத்ததை வைத்துத் திருத்தி அமைத்தார். உற்பத்தி ஒரு நாளைக்கு 25 மூட்டை என்ற அளவுக்கு ஏறியது. என் கணிப்பில் சேலத்தின் சொந்தப் பங்களிப்பு இங்கேதான் இருக்கிறது. செய்முறை கடல் கடந்து வந்தது. ஆனால் போர்க் காலத்தில், இரும்பும் இயந்திரமும் வாங்க முடியாத நேரத்தில், அதைச் சிறு முதலீட்டில் ஓடும் ஆலையாக மாற்றியது இந்த ஊர்க் கை. அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய புகழ் கிடைக்கவில்லை.

மண்ணும் துணை நின்றது. திருவிதாங்கூரில் 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா மரவள்ளியைப் பரப்பியதிலிருந்து அது அங்கே ஏழைகளின் சோறு. அங்கே கிழங்கு வீட்டுக்குப் போனது, ஆலைக்கு மிஞ்சவில்லை. மழை ஓயாத ஊரில் மாவு காயவைப்பதும் பாடு. சேலத்தில் மனிதர்கள் சோளம், கம்பு, ராகி தின்றார்கள். குச்சிக்கிழங்கு என்று நாம் சொல்லும் மரவள்ளிக்குச் சமையல் கட்டில் பெரிய போட்டி இல்லை. செம்மண் காடு, கிணற்றுத் தண்ணீர், மாதக்கணக்கில் காயும் வெயில், நாலு பக்கமும் ரயில், செவ்வாய்பேட்டை, லீ பஜார் மண்டிக்காரர்களின் வட இந்தியத் தொடர்பு என்று எல்லாம் பொருந்தின.

ஆனாலும் தொழில் இரண்டாம் வருடமே மூடப்பட இருந்தது. பர்மா அரிசி நின்றுபோய், நாடு முழுக்க உணவுத் தட்டுப்பாடு. தின்னக்கூடிய கிழங்கை ஆலையில் அரைப்பதா என்று 1944-ல் மாவட்டக் கலெக்டர் தடை போட்டார். அந்தத் தடையை எதிர்க்கத்தான் உற்பத்தியாளர்கள் முதன்முதலாகச் சங்கம் கட்டினார்கள். குடிமைப் பொருள் ஆணையரிடம் முறையிட்டுத் தடையை நீக்கவைத்தார்கள். பசி காலத்தில் கலெக்டர் கேட்டது நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன். சங்கத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. கிழங்கு போட்ட விவசாயிக்கு ஆலை விலை கிடைத்த பிறகுதான் அது காசுப் பயிரானது.

போர் முடிந்ததும் கடல் திறந்தது. வெளிநாட்டு ஜவ்வரிசி மறுபடி வரத் தொடங்கியது. பழைய தரமான சரக்குக்கு முன்னால் இரண்டு வயதுத் தொழில் நிற்காது என்று சங்கம் டெல்லி வரைக்கும் போய் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கேட்டு வாங்கியது. துறைமுகக் கதவு போரினால் மூடியபோது பிறந்த தொழில், அதே கதவை அரசு பாதி மூடி வைத்ததால் பிழைத்தது. பிறகு ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி, ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் என்று களங்கள் விரிந்தன.

இன்றைய களத்தில்

1981-ல் உற்பத்தியாளர்கள் கூட்டுறவாகச் சேகோசர்வ் உருவானது. இடைத்தரகரிடம் கடனுக்குச் சரக்கைக் கொடுத்து விலை கேட்டு நிற்காமல், கிடங்கில் வைத்து மாதிரி பார்த்து டெண்டரில் விற்கும் ஏற்பாடு. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் ஏகாதசிக்கும் நவராத்திரிக்கும் செய்யும் கிச்சடிக்குச் சேலத்து முத்துதான் போகிறது. நம் வீட்டில் அது பாயசத்துக்கும் வடாமுக்கும் வேண்டிய கைப்பிடிதான். தயாரிக்கும் ஊர் ஒன்று, தின்னும் ஊர் வேறு என்ற துறைமுகக் கால வழக்கம் இதில் அப்படியே தொடர்கிறது.

விவசாயிக்கு விலை பாயிண்ட் கணக்கில். கிழங்கில் ஸ்டார்ச் எவ்வளவு என்று ஆலையில் எடை போட்டுப் பார்த்து, பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். பாயிண்ட் பார்ப்பவர் ஆலைக்காரர் என்பதால் இதில் சச்சரவு ஓய்வதில்லை. அறுவடை ஒரே நேரத்தில் குவியும்போது விலை விழும், கிழங்கைப் பிடுங்கிவிட்டால் வைத்திருக்கவும் முடியாது. களத்தில் வெயிலில் மாவு கிளறும் வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்த தொழிலாளர்களும் இப்போது ஆலைகளில் இருக்கிறார்கள். கப்பலேறிப் பிழைக்கப் போன மாவட்டம், பிழைக்க வருகிறவர்களுக்கு வேலை கொடுக்கிறது. அவர்கள் தங்கும் இடமும் கூலியும் எப்படி இருக்கின்றன என்று பார்க்கும் பொறுப்பு, தலைக்காசுக் கதை தெரிந்த நமக்கு மற்றவர்களைவிட அதிகம்.

பயிருக்கும் கடல் கடந்த தொல்லைகள் வருகின்றன. தென் அமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி 2020-ல் கேரளாவில் தென்பட்டது. கொஞ்ச காலத்தில் சேலம், நாமக்கல் காடுகளில் நுனிக் குருத்தைச் சுருட்டி அழித்தது. அதைத் தின்று கட்டுப்படுத்தும் ஒட்டுண்ணிக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்துப் பெருக்கி, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். மருந்து அடித்துத் தீராத பூச்சி அந்தக் குளவியால் அடங்கத் தொடங்கியது.

சந்தையில் வேறு போட்டி. மக்காச்சோள ஸ்டார்ச் விலை குறைவு என்பதால் சிலர் அதை ஜவ்வரிசியில் கலக்கிறார்கள். கலப்படம் பிடிபடும்போது நேர்மையான ஆலையின் சரக்கும் சேர்ந்து விலை இழக்கிறது. மரவள்ளி ஸ்டார்ச் ஏற்றுமதியில் இன்று உலகில் முதலிடம் தாய்லாந்துக்கு. 2010-ல் நடைமுறைக்கு வந்த ஆசியான் வணிக ஒப்பந்தத்துக்குப் பிறகு தென்கிழக்காசியச் சரக்குக்குச் சுங்கச் சுவர் தாழ்ந்தது. 1940களில் சங்கம் டெல்லியில் வைத்த அதே கோரிக்கையை இன்று சேலத்து விவசாயிகளும் ஆலைக்காரர்களும் திரும்ப வைக்கிறார்கள். கிழங்கு விலை விழும் பருவங்களில் அந்தக் குரல் உரக்கக் கேட்கிறது.